நடைபாதைப் புல்லும் குரக்கன் பிட்டும்

(காட்சி: வெள்ளவத்தை, காலி வீதி. நடைபாதைக் கல்லிடுக்கில் ஒரு புல்.)

வெள்ளவத்தையில் கடைக்குப் போகும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள். கல்லிடுக்கில், விரல்களை விரித்து வைத்ததுபோல் கதிர்விட்ட ஒரு புல் நிற்கும். எத்தனை பேர் மிதித்தாலும் லேசில் சாகாது. எலூசைன் இண்டிகா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். பிட்டுக்கும் கூழுக்கும் நாம் வாங்கும் குரக்கனுக்கு இந்தப் புல் தாய்வழிச் சொந்தம். கலத்துக்குள் பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் நூல்களான நிறமூர்த்தங்களை எண்ணித்தான் சொல்கிறேன்.

(காட்சி: ஒரு கலம். சிவப்பில் 9 கோடுகள், நீலத்தில் 9 கோடுகள்.)

புல்லின் கலத்தில் 18 நிறமூர்த்தங்கள், அதாவது 9 சோடி. குரக்கனில் 36. கிழக்கு ஆபிரிக்கப் பக்கம், வெகுகாலத்துக்கு முன், இந்தப் புல்லின் பூவில் வேறொரு புல்லின் மகரந்தம் விழுந்தது. இரண்டும் ஆளுக்கு 9 கொடுத்தன: தாய்ப் புல்லின் 9 சிவப்பு, தகப்பன் புல்லின் 9 நீலம். பிறந்ததற்கு 18. எண்ணிக்கை இருக்கிறது, சோடி இல்லை. இனப்பெருக்கக் கலங்கள் உருவாக நடக்கும் ஒடுக்கற்பிரிவில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் சோடியைத் தேடிச் சேர்ந்துதான் பிரிய வேண்டும். சேராவிட்டால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாகாது, செடி மலடு.

அப்புறம் அந்த 18உம் இரட்டித்து 36 ஆயின. ஒவ்வொன்றுக்கும் அச்சொட்டான சோடி கிடைத்தது, விதை பிடித்தது. இன்றைக்கும் குரக்கன் பூவுக்குள் சிவப்பு சிவப்போடும் நீலம் நீலத்தோடும் சேர்ந்து 18 சோடிகளாகின்றன. இத்தனை காலம் ஒரே கலத்தில் குடியிருந்தும் இரண்டு வீட்டாரும் தங்கள் ஆட்களை மறக்கவில்லை. தாவரவியலில் என்னை இவ்வளவு நெகிழ வைத்த விஷயம் வேறில்லை.

(காட்சி: நுணுக்குக்காட்டி.)

சரி, இந்தப் புல்தான் என்று எப்படித் தெரியும்? குரக்கனையும் புல்லையும் திரும்பக் கலந்து பார்த்தார்கள். குரக்கன் 18, புல் 9 கொடுக்க, பிறந்த செடிக்கு 27 நிறமூர்த்தங்கள். ஒடுக்கற்பிரிவில் 9 சோடிகள் சேர்ந்தன, 9 தனித்து நின்றன. புல்லிலிருந்து வந்த 9உம், குரக்கனுக்குள் இருந்த சிவப்பு 9உம் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன! இலைப் பச்சையத்தைத் தாங்கும் சிறு உறுப்பின் டீ.என்.ஏ. தாய்வழியாக வருவது, அதுவும் இந்தப் புல்லையே காட்டுகிறது.

தனித்து நின்ற 9? அந்தத் தகப்பன் புல் எதுவென்று இன்னும் பிடிபடவில்லை. சொந்தக்காரப் புற்களோடு ஒப்பிட்டும் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. அழிந்துபோயிருக்கலாம். புறக்கோட்டையில் நீங்கள் வாங்கும் குரக்கன் ஒவ்வொரு மணியிலும் பாதி நிறமூர்த்தங்கள் அந்தப் புல் விட்டுச்சென்றவை.