நீட் முடிந்த கோடையில்

நேயர்களுக்கு வணக்கம். நீட் எழுதிவிட்டுக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கான பேச்சு இது.

"லீவில் ஆஸ்பத்திரியில் தொண்டு செய்தால் சீட்டுக்கு உதவுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். உதவாது. அமெரிக்காவில் அதைப் பார்ப்பார்கள். விண்ணப்பத்திலேயே 15 செயல்பாடுகள் வரை எழுத இடம் உண்டு. தஞ்சாவூரோ திருவாரூரோ நாகப்பட்டினமோ, நம் அரசுக் கல்லூரிகளில் 720-க்கு எடுத்த மதிப்பெண்ணும் இட ஒதுக்கீடும்தான் பேசும். ஒதுக்கீட்டுக்குக் காகிதம் வேண்டும். ஆகவே முதல் வேலை இ-சேவை மையத்தில்.

இருப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி இந்த மனுக்களெல்லாம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. கையைத் தாண்டித்தான் தாலுகா அலுவலகம் போகும். ஜமாபந்தி, அதாவது ஆண்டுதோறும் தாலுகாவில் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கை, தொடங்கிவிட்டால் அவர்கள் கிராமக் கணக்கோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் மனு நகராது. அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறொன்று என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொன்றிலும் சான்று வாங்க வேண்டும். விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நம் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய உண்டு. அதுவும் அரசுப் பள்ளிதானே என்று நினைத்துக் கடைசியில் ஏமாறுகிறார்கள். இந்தக் கணக்கில் அது சேராது. அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு, பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க. மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேளுங்கள். செல்போன் பையிலேயே இருக்கட்டும். ஊசி, ரத்தம் பட்ட பஞ்சு எதையும் தொடாதீர்கள்; ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிய 6 மாதம் ஆகும்.

குறுவைக்கு வயலில் இறங்கும் நாட்களில் பாம்புக்கடி வரும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தம்கூட உறையாமல் போகும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடியில் ரத்தம் வழக்கம்போல உறையும்; அங்கே இமை சொருகுகிறதா என்று பார்ப்பார்கள். வெளியே வீட்டார் அழுதுகொண்டிருக்க, அந்த 20 நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க உங்களால் முடிகிறதா என்று பாருங்கள்.