பார்ப்பது நம் வேலை, மாற்றுவது பட்டறையின் வேலை

நடுவர் அவர்களே, சமூக மன்ற அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சொந்தக் காரின் பிரேக் பேடை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்பு வட்டைக் கவ்விக் காரை நிறுத்தும் கட்டையை, நாமே மாற்றிக்கொள்வதா, பட்டறையில் கொடுத்து மாற்றுவதா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி மூன்று வாதங்களை அழகாக அடுக்கினார். கூலி மிச்சம் என்றார். ஒரு காணொளி பார்த்தால் போதும், இரண்டு போல்ட் வேலைதான் என்றார். பட்டறைக்காரர்கள் தேவையில்லாததையும் மாற்றச் சொல்லிக் காசு கறக்கிறார்கள் என்றார். மூன்றாவதில் உண்மை இருக்கிறது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் அந்த இரண்டு போல்ட்டை எடுத்துக்கொள்கிறேன்.

பேடைக் கழற்றி மாட்டுவது எளிது என்பதை நான் மறுக்கவே இல்லை. சக்கரத்தை எடுத்துவிட்டு, பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால், பெரும்பாலான கார்களில் பழைய பேட் கையோடு வந்துவிடும். ஆனால் கழற்றிய பிறகு அங்கே தெரிவதை யார் படிப்பது?

பெரும்பாலான கார்களில் கேலிப்பர் 'பின்' எனப்படும் இரண்டு கம்பிகளின் மேல் நகரும்படி அமைந்திருக்கிறது. அந்தப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் காய்ந்து, துரு ஏறினால் கேலிப்பர் நகர மறுக்கும். அப்போது, பேடைத் தள்ளி அழுத்தும் பிஸ்டன் பக்கம் இருக்கும் உள் பேட்தான் அதிகமாகத் தேயும். நாம் சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது தெரிவது வெளிப் பேட். அது ஆறு மில்லிமீட்டர் கனத்தோடு நன்றாகவே இருக்கும். உள் பேடிலோ டிஸ்க்கில் உரசும் மசாலா முழுவதும் தேய்ந்து, அதன் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருக்கும். பின்னைச் சரிசெய்யாமல் புதிய பேடை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

நல்ல மெக்கானிக் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பேட் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கனத்தை ஒப்பிடுவார். ஒரே பேட் ஒரு முனையில் சரிவாகத் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். பின்னை இழுத்து, தள்ளி, மறுபடி இழுப்பார். பிஸ்டனின் ரப்பரைச் சுற்றி ஈரம் கசிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பேச்சை நிறுத்தாமலே இவ்வளவும் நடக்கும். காணொளிக்காரரின் காரில் பின் இறுகியிருக்கவில்லை என்றால், அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார். நம் காரில் இருக்கும் கோளாறு அவருக்கு எப்படித் தெரியும்?

பின்சக்கரத்துக்கு வாருங்கள். பட்டனை அழுத்தினால் பிடிக்கும் கை பிரேக் இப்போது எத்தனையோ கார்களில் வந்துவிட்டது. அவற்றில் பல, பின் கேலிப்பரிலேயே ஒரு மோட்டாரை வைத்திருக்கின்றன. காரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் அந்தப் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் அமைப்பே கெட்டுவிடும். கூலியில் மிச்சம் பிடித்தது கேலிப்பர் விலையில் போய்விடும்.

நடுவர் அவர்களே, எதிரணி மறந்துவிட்ட ஒன்று, நாம் எங்கே வாழ்கிறோம் என்பது. சிங்கப்பூரில் நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடியில். காரை நிறுத்துவது பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே, கதவைத் திறக்கவே பார்த்துத் திறக்க வேண்டிய இடத்தில். அங்கே ஜாக்கி போட்டு, தாங்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றிக் கீழே உட்கார்ந்து வேலை செய்வதா? பக்கத்திலேயே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள் நடந்து போவார்கள். காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் ஊபியிலும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஊர் இது. அங்கே காரை முழுதாகத் தூக்கும் லிஃப்ட் இருக்கிறது. நட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவே இறுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கிறது.

தீவு விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 1,400 கிலோ காரை முழுதாக நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சில விநாடிகளில் அவ்வளவு வெப்பம்! அதைத் தாங்கும் வரிசையில், மிதியின் அழுத்தத்தைப் பிஸ்டனுக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயிலும் இருக்கிறது. அது கொதித்துவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிவரை இறங்கலாம். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பேடை மட்டும் மாற்றிக்கொண்டவர் அந்த ஆயிலைச் சோதித்தாரா?

மூன்று வயதுக்கு மேற்பட்ட கார் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதைத் தாண்டியது ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறதே, அங்கே தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். அந்தப் பரிசோதனை அன்றைய பிரேக்கைச் சொல்லும். அடுத்த மாதம் நாம் மாட்டப்போகும் பேடுக்கு அது எப்படிச் சான்று தரும்?

இப்போது காசு கறக்கும் பட்டறை. இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து ஸ்பேனர் அல்ல, கேள்வி கேட்பது. புதிய பேடின் மசாலா பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்ற வேண்டும். பல பேடுகளில் அந்த அளவு வரும்போது ஒரு சிறு தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். இதைத் தெரிந்துகொண்டு போங்கள். "டிஸ்க்கும் போய்விட்டது" என்று சொன்னால், "அண்ணே, அளந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கழற்றிய பேடைக் கையில் வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கும் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த கடை நான்கு கதவு தள்ளித்தான் இருக்கிறது. காரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருங்கள் என்று எங்கள் அணி சொல்லவில்லை. நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், அந்த அறிவோடு வேலையைக் கைதேர்ந்தவரிடம் ஒப்படையுங்கள் என்கிறோம்.

நேரம் முடிகிறது என்று மணி அடித்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு அமர்கிறேன். புதிய பேட் போட வேண்டுமானால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளிய பிறகு முதல் மிதியில் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. பலமுறை மிதித்து அழுத்தம் ஏறிய பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். பட்டறையில் இது அன்றாடப் பழக்கம். முதல் முறை செய்பவர், வியர்வையும் களைப்புமாக, வேலை முடிந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டு ஐந்தாவது மாடியிலிருந்து சரிவில் இறங்கினால், அந்தக் காரை எது நிறுத்தும்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.