கண் வைக்காத மயில்

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் தன் டிராயிங் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அருமையான மயில். தோகையில் ஒவ்வொரு பீலிக்கும் பொறுமையாக வண்ணம் தீட்டியிருந்தாள். ஆனால் மயிலுக்குக் கண் இல்லை. கேட்டேன். "கண்ணு வச்சா தப்பு மாமா. மறுமையில அதுக்கு உயிர் குடுக்கச் சொல்லுவாங்க" என்றாள். அந்தப் பிஞ்சு முகத்தில் இருந்த பயம் என்னை உலுக்கிவிட்டது. இன்று நான் பேசப்போவதெல்லாம் அவளுக்குச் சொல்ல நினைத்த பதில்தான்.

அவள் சொன்னது யாரோ கிளப்பிவிட்ட கதை அல்ல, நபிமொழித் தொகுப்பான புகாரியில் உள்ள ஹதீஸ், அதாவது நபிமொழி. உருவம் சமைத்தவர்களிடம் மறுமை நாளில், அதாவது இறுதித் தீர்ப்பு நாளில், "நீங்கள் படைத்தவற்றுக்கு உயிர் கொடுங்கள்" என்று சொல்லப்படும். இதை மழுப்ப நான் இங்கே வரவில்லை. குர்ஆனில் ஓவியத்தைப் பெயர் சொல்லித் தடுக்கும் வசனம் கிடையாது. அது கண்டிப்பது சிலை வணக்கத்தை. ஆனால் அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று அல்-முஸவ்விர், உருவம் கொடுப்பவன். அரபியில் ஓவியருக்கும் முஸவ்விர் என்றுதான் பெயர். ஆண்டவனின் வேலையில் கை வைக்கிறோமோ என்ற நடுக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, அப்படியானால் ஓவியன் என்ன செய்வது? படம் வரைந்துதான் பிழைக்கிறேன் என்று ஒருவர் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து நின்றார். வரைந்தே ஆகவேண்டும் என்றால் மரங்களை வரை, உயிரில்லாதவற்றை வரை என்றார்கள் அவர்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் டமாஸ்கஸ் உமைய்யா பள்ளிவாசல்தான் எனக்கு நினைவுக்கு வரும். உமைய்யா வம்சத்துக் கலீஃபா, அதாவது இஸ்லாமியப் பேரரசின் தலைவர், அல்-வலீத் 706 முதல் 715 வரை கட்டியது. அதன் முற்றத்துச் சுவரில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துச் செய்த மொசைக் ஓவியம் ஒன்று முப்பது மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. தங்கப் பின்னணி. கீழே ஆறு ஓடுகிறது. கரையில் பெரிய பெரிய மரங்கள், இலைகளில் பத்துப் பன்னிரண்டு வகைப் பச்சை இருக்கும்போலத் தோன்றும். மரங்களுக்கு நடுவே மாடி வீடுகள், தூண் வைத்த மண்டபங்கள், பாலங்கள். ஒரு மனிதர் இல்லை, ஒரு பறவைகூட இல்லை. இது சொர்க்கமா, டமாஸ்கஸ் நகரமேதானா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அது சொர்க்கம்தான். வீடுகள் தயார், ஆறு ஓடுகிறது, குடியிருப்பவர்கள் இனிமேல்தான் வரவேண்டும்.

அதே குடும்பத்தின் இன்னொரு கட்டடம் ஜோர்டான் பாலைவனத்தில் இருக்கிறது, குஸைர் அம்ரா. அந்த அல்-வலீதின் தம்பி மகன் வலீத் பின் யஸீத் கட்டிய குளியல் மாளிகை. அதன் சுவர்களில் வேட்டைக் காட்சி உண்டு, குளிக்கும் பெண்கள் உண்டு, யாழ் மாதிரி ஒரு நரம்புக் கருவியை வாசிக்கும் கரடிகூட உண்டு! இரண்டுக்கும் இடையே முப்பது ஆண்டு இருந்தால் அதிகம். தொழுமிடத்தில் கூடாது என்று ஒதுக்கிய உருவம் மாளிகையில் தாராளமாக இருந்திருக்கிறது. இளவரசர் செய்தது மார்க்கத்துக்கு ஆதாரம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த இடத்தில் என்ற கேள்வி நபி (ஸல்) வீட்டிலேயே இருந்தது. நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) உருவம் போட்ட திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபியவர்கள் முகம் மாறி அதைக் கிழித்தார்கள். அந்தத் துணியைத் தலையணையாக்கி அதே வீட்டில் பயன்படுத்தினார்கள். இதை வைத்து உலமாக்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், பல விதமாகச் சட்டம் சொல்கிறார்கள். எனக்குப் பட்டது, அண்ணாந்து பார்க்கும் இடத்திலிருந்து உருவம் இறக்கப்பட்டது என்பதே.

அண்ணாந்து பார்க்கும் இடத்தில் எழுத்து வந்து அமர்ந்தது. பக்தாதில் மூன்று கலீஃபாக்களுக்கு வஸீராக, அதாவது முதன்மை அமைச்சராக, இருந்த இப்னு முக்லா எழுத்துக்கு ஒரு கணக்கு வகுத்தார். நாணல் எழுதுகோலின் வெட்டிய முனையைத் தாளில் அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவு. நேர்கோடாக நிற்கும் முதல் எழுத்தான அலிஃப் இத்தனை புள்ளி உயரம். அந்த அலிஃபை விட்டமாக வைத்து ஒரு வட்டம் போட்டால் மற்ற எழுத்துகளின் வளைவு அதற்குள் அமைய வேண்டும். முகம் வரைய எடுக்கும் அத்தனை கவனமும் ஒரு 'நூன்' எழுத்தின் வளைவுக்குப் போனது. அரசியல் பகையில் அவருடைய வலது கையை வெட்டினார்கள். வெட்டுண்ட கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று சொல்வார்கள். 940இல் சிறையில் இறந்தார்.

நம் பக்கத்தில் கீழக்கரைப் பழைய பள்ளிவாசலைப் பாருங்கள். கோயில் மண்டபம் போலவே வரிசையாகக் கல் தூண்கள். சிற்பம் நிற்கும் இடத்தில் பூவும் கொடியும் இருக்கின்றன.

அக்பர் வேறு மாதிரி யோசித்தார். ஓவியத்தை வெறுப்பவர்களை எனக்குப் பிடிக்காது என்று அவர் சொன்னதாக அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸ்ல் எழுதியிருக்கிறார். ஓவியன் ஓர் உயிரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வரைந்து முடிக்கிறான். உயிர் மட்டும் தன்னால் கொடுக்க முடியாது என்று அங்கே அவனுக்கு உறைக்கிறது. அப்போது உயிர் கொடுப்பவனை நினைக்காமல் அவனால் இருக்க முடியாது என்கிறார். அந்தச் சிறுமியைப் பயமுறுத்திய அதே கேள்வி அக்பருக்கு இறைவனிடம் போகும் வழியாகத் தெரிந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் குழந்தைக்குச் சட்டம் எதுவும் நான் சொல்லவில்லை, அபூதாவூத் என்ற இன்னொரு நபிமொழித் தொகுப்பில் வரும் ஒரு சம்பவத்தைச் சொன்னேன். ஆயிஷா (ரலி) விளையாடும் பொம்மைகளுக்கு நடுவே, துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. நபியவர்கள் அதைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். குதிரை என்றார்கள். குதிரைக்கு இரண்டு இறக்கையா என்று நபியவர்கள் கேட்க, சுலைமான் நபியிடம் இறக்கை உள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பல் தெரிய நபியவர்கள் சிரித்தார்கள்.

கதை முடிந்ததும் பிள்ளை நோட்டை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சிரிச்சாங்களா மாமா? நெசமாவா?" என்று கேட்டாள்.