ஸ்பானிய ப்ரிபோசிஷன்: ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

[திரையில்: ஆ, தெ, என், கொன், சின், பொர், பாரா]

வணக்கம். ஸ்பானிய மொழி படிக்க ஆரம்பித்து, ப்ரிபோசிஷன் வந்ததும் அப்படியே நின்றுபோனவர்களுக்காக இந்த வீடியோ. ஸ்பெயினில் பள்ளிப் பிள்ளைகள் 'ஆ, ஆந்தே, பாஹோ' என்று முழுப் பட்டியலையும் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். நமக்கு இப்போதைக்குத் திரையில் இருக்கிற ஏழு போதும்.

பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஸ்பானியச் சொல்லை முதலில் ஆங்கிலமாக்கி, அதை மறுபடி தமிழாக்கி, நடுவழியில் குழம்பிவிடுகிறோம். அது தேவையே இல்லை. தமிழில் ஐ, க்கு, இல், ஓடு என்று பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோமே, அந்த வேலையைத்தான் இந்தச் சொற்கள் பெயருக்கு முன்னால் நின்று செய்கின்றன.

'என்' எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என்று மூன்று. நமக்கு ஒரே 'இல்', அவர்களுக்கு ஒரே 'என்'. வீட்டில், 'என் காசா'. ரயிலில், 'என் த்ரென்'. மேசையில், 'என் லா மேசா'. மேசை என்ற சொல் நமக்குப் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, ஸ்பானியத்திலும் அதே மேசாதான்.

'தெ' என்பது 'உடைய', 'இருந்து' இரண்டும். மரியாவின் வீடு, 'லா காசா தெ மரியா', வரிசை மட்டும் தலைகீழ். கால்பந்து பார்ப்பவர்களுக்கு 'கோபா தெல் ரேய்' தெரிந்திருக்கும், மன்னரின் கோப்பை. 'எல்' என்பது ஆங்கிலத்தின் 'தி' (the) மாதிரி ஒரு சொல்; 'தெ', 'எல்' இரண்டும் சேர்ந்து 'தெல்' ஆகிவிட்டது. அதே போல 'ஆ', 'எல்' சேர்ந்தால் 'ஆல்'. கத்தியால் என்கிற நம்முடைய 'ஆல்' என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு.

[திரையில்: வேயோ லா தெலே / வேயோ ஆ மி மத்ரே]

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். 'ஆ' முதலில் நம் 'க்கு'. மத்ரிதுக்குப் போகிறேன், 'வோய் ஆ மத்ரித்'. மூன்று மணிக்கு, 'ஆ லாஸ் த்ரேஸ்'. ஆனால் ஆளைப் பற்றிப் பேசும்போது இதே 'ஆ' நம் 'ஐ' ஆகவும் வருகிறது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறுவது இங்கேதான், ஏனென்றால் ஆங்கிலத்தில் இப்படி ஒன்று கிடையாது. நீங்கள் 'டிவி பார்க்கிறேன்' என்கிறீர்கள், ஐ இல்லை. 'அம்மா பார்க்கிறேன்' என்று சொல்ல மாட்டீர்கள், அம்மாவைத்தான். ஸ்பானியத்திலும் அப்படியே. இன்னும் நுணுக்கமாக, 'சமையலுக்கு ஆள் தேடுகிறேன்' என்றால் யாரோ ஒருவர், 'அந்த ஆளைத் தேடுகிறேன்' என்றால் குறிப்பிட்ட ஒருவர். அங்கேயும் யாரோ ஒரு சமையல்காரர் என்றால் 'புஸ்கோ உன் கொசினேரோ', மனதில் ஓர் ஆள் இருந்தால் 'புஸ்கோ ஆ உன் கொசினேரோ'. ஒரே வித்தியாசம், நாம் 'அந்த வீட்டைப் பார்த்தேன்' என்று பொருளுக்கும் ஐ போடுவோம், அவர்கள் வீட்டுக்கு ஆ போட மாட்டார்கள்.

'கொன்' என்றால் ஓடு, 'சின்' என்றால் இல்லாமல். 'கஃபே கொன் லேச்சே' பால் சேர்த்த காப்பி, 'சின் அசூகார்' சர்க்கரை இல்லாமல். ஆனால் என்னோடு என்பது மட்டும் 'கொன்மீகோ'. லத்தீனில் அது 'மேகும்', அதில் 'கும்' என்பதுதான் ஓடு, நம்மைப் போலவே பின்னால் ஒட்டியிருந்தது! அது தேய்ந்து 'மீகோ' ஆனபோது, உள்ளே ஓர் 'ஓடு' இருப்பது மக்களுக்கு மறந்துபோய், முன்னால் இன்னொரு 'கொன்' சேர்த்துக்கொண்டார்கள். ஒரே சொல்லில் இரண்டு ஓடு.

[திரையில்: பாரா தீ / பொர் தீ]

அப்புறம் 'பொர்', 'பாரா'. இங்கே தமிழும் கொஞ்சம் காலை வாரும், ஏனென்றால் 'உனக்காக' என்று சொன்னால் இரண்டுமே அதில் அடங்கிவிடும். நான் பார்க்கும் சோதனை இது: 'ஆக'வை வெட்டிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 'உனக்காக ஒரு பரிசு', 'உனக்கு ஒரு பரிசு', வாக்கியம் நிற்கிறது, ஆகவே 'பாரா தீ'. 'உனக்காகத்தான் வந்தேன்', 'உனக்குத்தான் வந்தேன்', நிற்கவில்லை, ஆகவே 'வீனே பொர் தீ'. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லலாம், 'பாரா'. நாட்டுக்கு இறந்தார் என்று சொல்ல முடியாது, 'பொர்'. வழியாக என்று வந்தாலும் 'பொர்'தான். இந்தச் சோதனை உதவாத இடமும் உண்டு. 'சாப்பாட்டுக்கு நன்றி' என்று நாம் க்கு போடுகிறோம், அங்கே 'கிராசியாஸ் பொர் லா கொமீதா'. நன்றி என்றால் 'பொர்' என்று தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு, 'அம்மாவோடு ரயிலில் மத்ரிதுக்குப் போகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஓடு, இல், க்கு, மூன்றுக்கும் சொல் உங்களிடம் இருக்கிறது.

[ஐந்து நொடி கழித்துத் திரையில்: வோய் ஆ மத்ரித் என் த்ரென் கொன் மி மத்ரே]