லீவு ரிஜிஸ்டரைக் கொஞ்சம் புரட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரு பீனியாவில் பட்டறை வைத்திருக்கும் நம்மவர்களும், வைட்ஃபீல்டில் பத்துப் பதினைந்து பேருக்கு மேனேஜராக இருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இன்றைய பேச்சு உங்களோடுதான்.

வேலை அழுத்தம் என்று ஆரம்பித்தாலே, "யாருக்குத்தான் சார் டென்ஷன் இல்லை?" என்பார்கள். சரிதான். சரக்கு அனுப்புகிற வாரத்தில் எல்லோருக்கும் பரபரப்பு இருக்கும். லாரி கிளம்பியதும் அடங்கிவிடும். லாரி போன பிறகும் அடங்காமல் மாதக்கணக்கில் நீடிப்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அப்படி நாள்பட்ட அழுத்தத்தால் ஒருவர் களைத்து, வேலையே வெறுத்துப்போவதை, வேலையோடு தொடர்புடைய நிலை என்றே 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியது. ஆள் சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உங்களிடம் வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனால் லீவு ரிஜிஸ்டர் சொல்லும். இதுவரை ஒழுங்காக வந்தவர் திங்கட்கிழமைகளில் காணாமல் போகிறாரா? தலைவலி, வயிற்றெரிச்சல் என்று அடிக்கடி அரை நாள் போடுகிறாரா? கைத்திறமை உள்ளவரிடமிருந்து திருத்த வேண்டிய பீஸ்கள் அதிகம் வருகின்றனவா? லீவே எடுக்காதவரையும் பாருங்கள். அவரைத்தான் நாம் பாராட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

மைசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரி. தையல் லைனுக்கு முன்னால் ஒரு போர்டு. மணிக்கு எத்தனை பீஸ் டார்கெட், எத்தனை முடிந்தது என்று எழுதுவார்கள். மெஷின் கெட்டு அரை மணி நேரம் நின்றாலும் டார்கெட் குறையாது, பாக்கி அடுத்த மணியில் ஏறிவிடும். டாய்லெட்டுக்கு எழுந்து போக நேரமில்லாமல் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் மேலே வாங்கும் திட்டைக் கீழே இறக்குவார். நிர்வாகம் யோகா வகுப்பு வைத்தது. அந்த ஒரு மணி நேரத்து பீஸ்களும் அடுத்த மணியில் ஏறின! யோகா மீது எனக்குக் கோபமில்லை. மெஷின் நின்ற நேரத்தைக் கழித்துவிட்டு டார்கெட் எழுதியிருந்தால் பாதிப் பிரச்சனை அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு முதலாளிகளைப் பார்க்கச் சொல்வது ஆறு விஷயங்கள்: வேலைச்சுமை, தன் வேலை எவ்வளவு தன் கையில் இருக்கிறது, கிடைக்கும் ஆதரவு, சக ஊழியர்களோடு உறவு, யார் என்ன செய்வது என்ற தெளிவு, மாற்றங்களைக் கொண்டுவரும் விதம். நம் ஊரில் இரண்டாவதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

ஐ.டி. கம்பெனிகளில் போர்டு கிடையாது, வாட்ஸ்அப் உண்டு. இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டு, "காலையில் பார்த்தால் போதும்" என்று எழுதினாலும் பார்த்தவருக்குத் தூக்கம் போனது போனதுதான். காலையிலேயே அனுப்புங்களேன். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதமும் இதய நோயும் வரும் ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்தே சொல்லியிருக்கின்றன.

சரி, எப்படிக் கேட்பது? எல்லோர் முன்னாலும் வேண்டாம், தனியாக. "உனக்கு என்னதான் பிரச்சனை?" என்றால் "ஒண்ணுமில்லை சார்" என்றுதான் பதில் வரும். "இப்போ வேலையில எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

அதற்கு மேலும் உதவி தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். யார் கூப்பிட்டார்கள் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். வணக்கம்.