ஒரு தாய் கேட்ட கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கசியும் ரசாயனம் வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்குமா? அதைப் பார்க்க, நேராக 1960களின் அமெரிக்க பாஸ்டன் நகருக்குப் போய்விடலாம். வயதான பெண்களுக்கே அபூர்வமாக வரும் யோனிப் புற்றுநோய், அங்கே 15 முதல் 22 வயதுப் பெண்களுக்கு அடுத்தடுத்து வந்தது. மொத்தம் எட்டுப் பேர். டாக்டர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தியின் அம்மாதான், இவள் வயிற்றில் இருந்தபோது கரு கலையாமலிருக்க நான் சாப்பிட்ட மாத்திரையால் இருக்குமோ என்று கேட்டார். மற்ற அம்மாக்களையும் விசாரித்தார்கள். எட்டில் ஏழு பேர் அதே மருந்தைச் சாப்பிட்டிருந்தார்கள். ஹெர்ப்ஸ்ட் என்ற டாக்டரும் சகாக்களும் 1971இல் இதை வெளியிட்டார்கள்.

மருந்தின் பெயர் டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால். 1938இல் இங்கிலாந்தில் உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன், அதாவது பெண் ஹார்மோனின் நகல். தாயின் இயற்கை ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதியை ரத்தத்தில் உள்ள புரதங்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த ஆள்மாறாட்டக்காரனோ அந்தப் பிடியில் அவ்வளவாகச் சிக்குவதில்லை. நஞ்சுக்கொடியைத் தாண்டி, கர்ப்பப்பை உருவாகிக்கொண்டிருக்கும் இடத்துக்கே போய், 'நான்தான் ஈஸ்ட்ரோஜன்' என்று உட்கார்ந்துகொள்வான். மகள்கள் சிலரின் கர்ப்பப்பை ஆங்கில 'T' எழுத்தைப் போல வடிவம் மாறிப் போனது. புற்றுநோய் வந்தது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருத்திக்குத்தான். குழந்தை தங்காமல் தவித்தவர்கள் அதைவிட அதிகம்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1953இலேயே சிகாகோவில் சுமார் 1,600 கர்ப்பிணிகளிடம் சோதித்து, இந்த மருந்து கருச்சிதைவைத் தடுக்கவில்லை என்று காட்டிவிட்டார்கள். அப்புறமும் பதினெட்டு வருஷம் எழுதிக் கொடுத்தார்கள். கொழுகொழு குழந்தைப் படம் போட்டு, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நல்லது என்று விளம்பரம் வேறு!

சரி, பிளாஸ்டிக் டப்பாவும் இதுவும் ஒன்றா? இல்லை. அந்த மாத்திரையின் அளவு மிகப் பெரியது. டப்பாவிலிருந்து வருவது துளித்துளி. ஆனால் பிளாஸ்டிக்கை இளக்கமாக்கும் தாலேட்டுகள், கருவிலிருக்கும் ஆண் எலியின் டெஸ்டோஸ்டிரோனை, அதாவது ஆண் ஹார்மோனைக் குறைப்பது உறுதியாகத் தெரியும். 2005இல் அமெரிக்க ஆய்வாளர் ஷன்னா ஸ்வான் குழுவினர், கர்ப்பிணிகளின் சிறுநீரில் தாலேட் கழிவு கூடக்கூட, அவர்களின் ஆண் குழந்தைகளுக்கு ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக வேலை செய்ததன் தடயமாக அதைப் பார்க்கிறார்கள்.

அந்த டெஸ்டோஸ்டிரோன் ஆண் கருவில் தன் வேலையைப் பார்ப்பது, கர்ப்பத்தின் ஏறத்தாழ 8 முதல் 14 வாரங்களுக்குள். நம் வீடுகளில், 'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லிக்கலாம்' என்று காத்திருக்கிறோமே, அதே வாரங்கள்.