இரண்டு கடலுக்கு நடுவே ஒரு வேகப் பந்தயம்

வணக்கம் மக்களே! காற்று இரைச்சல் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகும் சாலையோரம் நிற்கிறேன். இடப்பக்கம் பெண்கடல் (வங்காள விரிகுடாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), வலப்பக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா), நடுவில் நூல் பிடித்தாற்போல் தார்ச்சாலை.

காலையில் மச்சானை காரை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் பக்கத்து சீட்டில் ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் வேகத்தை ஊகித்துக்கொண்டே வந்தேன். (ஓட்டுகிறவர் இந்த விளையாட்டு ஆடக் கூடாது, சொல்லிவிட்டேன்.) ராமநாதபுரம் தாண்டி மரமும் கடையுமாக இருந்த இடத்தில் “அறுபது” என்றேன். முள் 58-ல் இருந்தது. சரி, நமக்கு நல்ல கண் என்று நினைத்தேன். இங்கே வந்ததும் “ஐம்பதுதான் இருக்கும்” என்றேன். மச்சான் சிரிக்கிறான். 72!

கண்ணோரத்தில் பின்னால் ஓடும் மரம், சுவர், கம்பம் இவைதான் நமக்கு வேகத்தைச் சொல்கின்றன. இங்கே ஓட என்ன இருக்கிறது? தண்ணீரும் வானமும். தொடுவானம் நகர்வதே தெரியாது. இன்னொன்று, பழக்கம். அரை மணி நேரம் 80-ல் வந்துவிட்டு 50-க்கு இறங்கினால் வண்டி ஊர்வது போல இருக்கும். உச்சிப்புளிப் பக்கம் விரட்டி வந்து பாம்பன் பாலத்தில் ஏறுகிறவர்களுக்கு இது நடக்கும்.

பிரிட்டனில் கார்டன் டென்டன் என்ற ஆய்வாளர் 1970களில் இதற்கு ஒரு வழி சோதித்தார். ரவுண்டானாவுக்கு முன்னால் சாலையின் குறுக்கே பட்டைகள். கிட்டப் போகப் போக இடைவெளி குறையும். ஒரே வேகத்தில் போனாலும் வேகம் கூடுகிற மாதிரி தோன்றும், கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு எழும். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. கண்ணை ஏமாற்றும் சாலைக்குக் கண்ணாலேயே மருந்து! ‘மெதுவாகச் செல்லவும்’ போர்டை நம்மில் யார் படிக்கிறோம்?

பாம்பன் பாலம் வேறு தினுசு. 1988-ல் திறந்த சாலைப் பாலம். பக்கத்திலேயே ரயில் பாலம், கீழே படகுகள். பார்க்காமல் இருக்க முடியுமா? 60-ல் போகும்போது இரண்டு நொடி தலையைத் திருப்பினால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும். போன வருஷம் நானே அப்படித் திரும்பினேன். முன்னால் போன வேன் போட்டோவுக்காக நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்த மிதியில் அம்மாவின் தயிர்சாத டப்பா டாஷ்போர்டுக்கு வந்துவிட்டது.

சரி, கிளம்புகிறோம். திரும்பும்போது நான் ஓட்டுகிறேன், மச்சான் ஊகிப்பான். தோற்றால் தங்கச்சிமடத்தில் டீ அவன் செலவு.